மிச்சம் வைத்த பூதக்கதை

அந்தப் பூதத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சின்னப் பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகத்தில் வருகிற பூதத்தோடு ஒரு பொம்பளை மல்லுக்கு நிற்பாளா என்று கேட்பீர்கள். நிற்பேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, வில்லியனூரில் வேறு பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவோம். அரை நாள் அந்த மிஷின் பக்கத்தில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மடையில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்த மனிதர். இப்போது டம்ளரில் அளந்துதான் தண்ணீர். ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ஒருநாள் டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பார், டெஸ்ட் எல்லாம் பார்த்தாயிற்று, என்னுடையது அவருக்குச் சேரும் என்று. எனக்குச் சாமியே நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் பேச்சை எடுத்தேன்.

"வோணாம்" என்றார்.

"யோவ், ஒண்ணு இருந்தாலே ஒரு ஆளு நல்லா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. காது கேக்கலியா உனக்கு?"

"அவருக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவாரு. நீயும் படுத்துட்டன்னா பாப்பாவ யாரு பாக்கறது? உன் ஒடம்ப அறுத்துப்புட்டு நான் உசுரோட இருக்கணுமா? எனக்கு ஒண்ணும் இல்ல, வுடு. போய்ப் படு."

கத்தினேன். அழுதேன். என்னென்னவோ வைதேன். அசையவில்லை மனிதர். ஏழாவது படிக்கிற எங்கள் பெண் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் நாங்கள் கிளம்பும்போது அவள்தான் அந்தப் புத்தகத்தை என் பையில் திணித்தாள். அவளுடைய உயிர் அது. திரும்பத் திரும்பப் படித்து அட்டையே கழன்று போயிருந்தது.

"அப்பாவுக்குப் படிச்சிக் காட்டும்மா."

"நல்லாக்கீதுடி. உங்கப்பனுக்குப் பூதக்கதையா?"

"படிம்மா. பாதியில வுடக்கூடாது. கடைசி வரைக்கும் படிக்கணும்" என்று என்னையே அதட்டினாள்.

கதை இதுதான். ஒரு ஏரிக்கு அடியில் பனைமர உயரத்தில் ஒரு பூதம். ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் அது கரையேறி வந்து வலிக்கிற இடத்தில் கை வைக்கும். வலி அதன் உடம்புக்குப் போய்விடும். ஆனால் ஒவ்வொரு வலியை வாங்கும்போதும் அது கொஞ்சம் சிறுத்துப்போகும். அதை யாரிடமும் மூச்சுவிடாது. யாராவது கேட்டால், "எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார். இரண்டாவது அத்தியாயத்தில், "எந்த ஏரி? நம்ம பாகூர் ஏரியா?" என்றார். அதற்கப்புறம் பஸ் ஏறும்போதே, "அந்தக் கெழவனோட முட்டி வலிய வாங்கிச்சே, அப்புறம் இன்னா ஆச்சி?" என்று ஆரம்பித்துவிடுவார். பக்கத்துக் கட்டில்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பூதம் ஆட்டுக்குட்டி உயரத்துக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்டி. வெள்ள மனசு அதுக்கு" என்றார். அடப்பாவி மனுஷா, நீ மட்டும் என்னவாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. அத்தனை பேர் எதிரில் எப்படிச் சொல்வது?

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். பூதம் கட்டைவிரல் அளவுக்கு ஆகிவிட்டது. நான் பக்கத்தைத் திருப்பப் போனேன். அவர் ஊசி குத்தாத கையால் புத்தகத்தை மூடினார்.

"போதும். மிச்சம் இருக்கட்டும்."

"இன்னும் நாலே பக்கந்தான்யா."

"களத்த தூத்தி மூட்ட கட்டறப்ப ஒரு கை நெல்ல வுட்டுட்டுத்தான வரோம்? அத்தினியும் வழிச்சிக்கினு வந்துட்டா அடுத்த போகம் ஏது? இதுவும் அப்டித்தான். அறுப்பு முடியட்டும், படிக்கலாம்."

எனக்கு அது புரிந்தது. நானும் அரிசிப் பானையை ஒருநாளும் வழித்து எடுத்தவள் இல்லை. மிச்சம் வைத்தால்தான் மேலே வரும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நாலு பக்கம் மிச்சம் இருக்கிற வரைக்கும் அவரும் இருப்பார் என்று என் புத்தியும் சொல்லிற்று. புத்தகத்தைப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெண் கேட்டாள். படிக்கவில்லை என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்! புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "நானே படிக்கறேன்ப்பா. கேளுப்பா." அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "லாலாலா" என்று பாட்டுப் பாடினார். அவள் ஓவென்று அழுதாள். அவர் அவளை இழுத்து மடியில் சாய்த்து, "அறுப்பு முடியட்டும்டா தங்கம்" என்று தலையைத் தடவினார். பிள்ளை ஆசையாகப் படித்துக் காட்ட வந்தாள், மனசு விட்டுப்போயிற்று என்றுதான் நினைத்து, புத்தகத்தை மறுபடியும் ஆஸ்பத்திரிப் பையில் வைத்தேன்.

பயிர் பால் பிடித்திருந்த சமயம். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தவர், மூச்சு வாங்குது என்று கட்டிலில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். அறுப்பை அவர் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மத்தியானம், ஆஸ்பத்திரிப் பையை ஆணியிலிருந்து எடுத்தேன். புத்தகம் உள்ளேயே இருந்தது. இனி யாருக்காக மிச்சம் வைப்பது என்று அந்த நாலு பக்கத்தையும் படித்தேன்.

பூதம் சாகவில்லை. விஷயம் தெரிந்து ஊரே ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறது. ஆளுக்குக் கொஞ்சம் வலியைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று பூதம் பழைய பாட்டையே பாடுகிறது. அப்போது ஒரு சின்னப் பெண் அதைப் பிடித்துத் திட்டுகிறாள். நீ மட்டும்தான் கொடுப்பாயா, எங்களைக் கொடுக்க விடமாட்டாயா என்று. பூதம் வெட்கப்பட்டுக்கொண்டு கையை நீட்டுகிறது. ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள். பூதம் அந்தப் பெண்ணின் உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறது.

நிமிர்ந்து பார்த்தேன். பெண் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த எடத்துக்கு அப்பா வந்துட்டா உன்னுத வாங்கிப்பாருன்னுதாம்மா குடுத்தனுப்பினேன்" என்றாள்.