நெய்யுருண்டை தின்ற குட்டிச்சாத்தான்

போன தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டு நெய்யுருண்டை டின்னில் பாதி காலி. தின்றது நான்தான். எனக்குச் சர்க்கரை நோய். இனிப்பைக் கண்டால் மூளை வேலை செய்யாது. முன்னோருக்குப் படைக்கும் முன் யாராவது ஒரு உருண்டையில் கை வைத்தால் அம்மா சாமியாடிவிடுவார்.

பழி தம்பி மனைவி மேல் விழுந்தது. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து வாழ வந்து மூன்று மாதம்தான். "படையலுக்கு முந்தி வாய் வைக்கிறதுதான் உங்க வீட்டுப் பழக்கமா?" என்று அம்மா கேட்டதும் அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. தலை தீபாவளிக்குத் தாய்வீடு போகிற நேரத்தில் அவளுக்குத் திருட்டுப் பட்டம்.

பாவி நான், அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். "குட்டிச்சாத்தான் வேலையா இருக்கும்மா" என்றேன்.

"அது என்னாடி சாத்தான்?"

படித்த திமிரில் அவிழ்த்துவிட்டேன். பைபிள் சாத்தானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாத்தன் என்பது அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு வைத்த சாதாரணப் பெயர். வணிகக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர். அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அய்யனாருக்கும் அதே பெயர். மந்திரவாதி ஏவிவிட, கூரையில் கல்லெறிந்து சோற்றில் முடி போடுகிற பொடியனுக்கும் 'குட்டி' சேர்த்து அதையே கொடுத்துவிட்டார்கள்.

"அய்யனார் பேரா? அப்புறம் என்னாத்துக்குத் திருடுது? கேட்டா குடுத்திருப்பேன்ல" என்றார் அம்மா. எனக்குச் சுருக்கென்றது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா தங்கள் குட்டிப் பிசாசான தோயோலுக்குச் சொன்ன வைத்தியம் ஒன்று உண்டு. பச்சைப்பயறை இறைத்தால் அது எண்ணிக்கொண்டே உட்கார்ந்து திருட மறந்துவிடுமாம். அம்மா டின்னைச் சுற்றி இரண்டு டம்ளர் பயறு இறைத்தார்.

மறுநாள் மதியம் அம்மா கோயிலுக்குப் போனதும், பயறைத் தாண்டிக் குதித்து ஓர் உருண்டையை வாயில் போட்டேன். திரும்பினால், தம்பி மனைவி நிற்கிறாள்.

"அண்ணி, சாத்தானுக்கு உதட்டோரம் மாவு ஒட்டியிருக்கு."

"எப்பருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும் லா. சர்க்கரைய வச்சிக்கிட்டுத் தின்னீங்கன்னு அத்தை திட்டுவாங்களேன்னு வாயத் தொறக்கல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா நேராக டின்னிடம் போனார். டின்னைத் திறந்து, படையலுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே, மருமகள் வாயில் முழு உருண்டை ஒன்றை ஊட்டினார். பிறகு தரையில் கிடந்த பயறை அள்ளிக் கழுவி, உப்புகூடப் போடாமல் அவித்து என் முன்னால் வைத்தார்.

"சர்க்கரைக்கு நல்லது. எண்ணித் தின்னு."