தனியாக வந்த ரிசீவர்கள்

ஷீலாவின் கழுத்தில் ஒரு ஜி கார்டு தொங்கும். சுங்கத் துறை கொடுத்தது. அது இருந்தால் இறக்குமதி பில்லில் கையெழுத்துப் போடலாம். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுகிறவருக்குப் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அவள் பல வருடம் நடந்தாள். தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, கார்டு வாங்கினாள்.

அப்பா ஆற்காட்டிலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்தவர். அவள் பிறந்தது புனேயில். ஏரவாடாவில் இரண்டு அறை வீடு. கணவன் சேவியர் ரஞ்சன்காவில் வாஷிங் மெஷின் கம்பெனியில் இருந்தான். சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு கம்பெனி அவனை விட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கான செலவை ஷீலா வேலை பார்க்கும், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்சியின் குரூப் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. கார்டு போனால் வேலை போகும். வேலை போனால் இன்ஷூரன்ஸ் போகும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஏஜென்சியில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய முதலாளி வைத்துவிட்டுப் போனது. சுங்கத்தில் ஒருமுறை பாஸான பில்லைத் தொடக் கூடாது. அதே ஆள், அதே சரக்கு என்றால் பழைய பில்லை நகலெடுத்து, தேதியையும் எடையையும் இன்வாய்ஸ் எண்ணையும் மட்டும் மாற்ற வேண்டும். புதிதாக யோசித்தால் அதிகாரியும் யோசிப்பான் என்பார் அவர். அவர் போய், மகன் ஷ்ரேயஸ் வந்தான். வழக்கம் மாறவில்லை.

ஸ்ரீலக்ஷ்மியின் பில்கள் எல்லாம் அப்படித்தான் போயின. ஸ்ரீலக்ஷ்மிக்குப் பொள்ளாச்சிப் பக்கம். ஹிஞ்சவாடியில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, பிம்ப்ரியில் கடை வைத்திருந்தாள். சீனாவிலிருந்து வயர்லெஸ் மைக் செட் வரவழைத்து, பஜனை மண்டலிகளுக்கும் சர்ச்சுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் விற்றாள். முதல் சரக்கு வந்தபோது ஷீலா தமிழ் பேசுவதைக் கேட்டு அழுதுவிட்டாள். அன்றிலிருந்து சந்தேகம் எதுவானாலும் ஷீலாவுக்குத்தான் போன்.

ஜனவரியிலும் அப்படி ஒரு போன் வந்தது. ஷீலா பஸ்ஸில் இருந்தாள்.

“அக்கா, சீனாவுல புது வருசத்துக்கு ஃபேக்டரியப் பூட்டறாங்களாமா. மைக்கு ரெடியாயிருச்சாம், ரிசீவரு இன்னும் ஆகலையாம். மைக்க மட்டும் கூரியர்ல பம்பாய்க்கு அனுப்பிர்றேங்கறான். ரிசீவரு பொறவு கப்பல்ல வருமாமுங்க. பரவால்லீங்களா?”

“வரட்டும்மா. ஒரே ஆர்டர்தானே? செட்டு செட்டுதான். டென்ஷன் எடுக்காதே.”

ஷீலா அதை நம்பித்தான் சொன்னாள்.

சுங்க அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. வயர்லெஸ் மைக்கும் அதன் ரிசீவரும் ஒன்றாக வந்தால் இரண்டும் சேர்ந்து மைக். ஒரே எண், குறைந்த வரி. ரிசீவர் மட்டும் வந்தால் அது மைக் அல்ல, ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவி. வேறு எண், கூடுதல் வரி. எப்படி ஆர்டர் செய்தார்கள் என்பதை அட்டவணை கேட்பதில்லை. எப்படி வந்து இறங்கியது என்பதுதான் கணக்கு.

மார்ச்சில் ரிசீவர்கள் தளேகாவ் கன்டெய்னர் கிடங்குக்கு வந்தன. இன்வாய்ஸில் சீனாக்காரன் வழக்கம்போல ‘வயர்லெஸ் மைக் செட்’ என்று போட்டிருந்தான். ஷீலா பழைய பில்லை நகலெடுத்தாள். அதே எண், அதே விவரம். கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சரக்கைத் திறந்து பார்க்கச் சொல்லி சுங்கத் துறையின் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது. கிடங்கில் தகரக் கூரைக்குக் கீழே அதிகாரி ஒரு பெட்டியைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து வரிசையாகப் பிரிக்கச் சொன்னார்.

“மேடம், மைக் எங்கே?” என்றார் இந்தியில்.

ஷீலா இன்னொரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை இல்லாம கல்யாண ஊர்வலமா? பேண்டு மட்டும் வந்திருக்கு!”

லோடர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெட்டிகளுக்குச் சீல் வைத்தார். அந்த வாரமே இரண்டு சம்மன்கள் வந்தன. ஒன்று ஸ்ரீலக்ஷ்மிக்கு, ஒன்று ஷீலாவுக்கு. நேரில் வந்து வாக்குமூலம் எழுதித் தர வேண்டும்.

ஷ்ரேயஸ் அவளைக் கேபினுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். சிறுவனாக இருந்தபோது அவளுடைய டிபன் டப்பாவைத் திறந்து இட்லி தின்றவன். இன்றும் அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவான். மராத்தியில் அக்கா.

“தாயி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரிசீவர் தனியா வருதுன்னு அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொன்னாளா?”

“சொன்னா. ஜனவரியில.”

“எழுத்துல?”

“இல்ல. போன்ல.”

அவன் நாற்காலியில் சாய்ந்தான். “அப்போ சொல்லல.”

“ஷ்ரேயஸ் சார்…”

“தெரிஞ்சே தப்பா போட்டோம்னு ஆனா உங்க கார்டு மட்டும் போகாது, என் லைசென்ஸும் போகும். அப்புறம் எல்லாரும் ஸ்டேஷன் வாசல்ல வடா பாவ்தான். நீங்க சட்னி அரைங்க, நான் பாவ் வெட்டறேன்.” சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: “சேவியர் மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

ஷீலா வெளியே வந்து தன் மேஜையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் மத்தியானம் கிடங்கின் கேட்டுக்கு வெளியே, லாரிகளின் நிழலில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்ரீலக்ஷ்மி போன் செய்தாள்.

“அக்கா, உங்க சாரு கடைக்கு வந்திருந்தாருங்க. ரொம்ப நல்ல மனுசன். நான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்தா போதுமாமுங்க. சின்னதா ஃபைன் போடுவாங்களாம், அவ்வளவுதான். உங்க கார்டுக்கும் ஒண்ணும் ஆகாதாம்.”

ஷீலா கையிலிருந்த சப்பாத்தியை டப்பாவில் வைத்தாள்.

“அக்கா? கேக்குதுங்களா?”

“கேக்குதும்மா.”

“மாமாவுக்கு முடியாம இருக்கறப்ப உங்களுக்கு இந்தத் தொந்தரவு வேற. எனக்கென்னங்க, மறந்துட்டேன்னு சொன்னா கொறஞ்சா போயிருவேன்? அப்படியே எழுதிரட்டுங்களா?”

ஷீலாவுக்குத் தெரியும். சுங்கப் புரோக்கரைக் கேட்டு, அதாவது ஷீலாவைக் கேட்டு, அவர் சொன்னபடி செய்தேன் என்று ஸ்ரீலக்ஷ்மி எழுதினால் அது தவறு. வித்தியாச வரியைக் கட்டிவிட்டுச் சரக்கை எடுத்துப் போகலாம். புரோக்கரிடம் சொல்லவில்லை என்று எழுதினால் அது தவறு அல்ல, மோசடி. மறந்தேன் என்ற சொல்லைச் சுங்க அலுவலகத்தில் யாரும் மறதி என்று படிப்பதில்லை. இரண்டுக்கும் சட்டத்தில் வேறு வேறு பிரிவுகள். தேர்வுக்கு அவள் மனப்பாடம் செய்தவை.

ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. அதன் சத்தம் முடியும்வரை ஸ்ரீலக்ஷ்மி காத்திருந்தாள்.

“சரிம்மா,” என்றாள் ஷீலா.

வாக்குமூலத்தைச் சொந்தக் கையால்தான் எழுத வேண்டும். அதிகாரி வெள்ளைத் தாள்களை நகர்த்தி வைத்தார். கிடங்கில் சிரித்தவரில்லை, வேறொருவர், வயதானவர். அவருடைய மேஜையில் ஸ்ரீலக்ஷ்மி எழுதிக் கொடுத்தது ஏற்கனவே இருந்தது.

“ரிசீவர் மட்டும் வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா, மேடம்?”

“தெரியாது.”

“இம்போர்ட்டர் சொல்லலையா?”

“சொல்லல.”

“எழுதுங்க.”

எழுதினாள். நல்ல கையெழுத்து, கான்வென்ட்டில் படித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக் கேட்டார், போட்டாள். அவர் இரண்டு வாக்குமூலங்களையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, “பொருந்துது,” என்றார்.

அன்று மாலை சேவியர் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கியிருந்தான்.

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல.”

“கார்டு?”

“இருக்குது.”

“ப்ரெய்ஸ் த லார்ட்,” என்றான் சேவியர். ஷீலா அடுப்படிக்குப் போனாள்.

உத்தரவு வர மழைக்காலம் ஆயிற்று. ரிசீவர்கள் பறிமுதல். அபராதம் கட்டி மீட்கலாம். அந்த அபராதத்தைப் பார்த்தால் புதிதாக வாங்குவது லாபம். புதிதாக வாங்கவும் வழியில்லை. ஸ்ரீலக்ஷ்மியின் இறக்குமதி உரிமத்தின் மேல் இன்னொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. கல்யாண சீசன் முடிந்திருந்தது. ஜனவரியில் வந்த மைக்குகள் பிம்ப்ரி கடையில் அட்டைப்பெட்டியோடு அடுக்கியிருந்தன. கடைக்காரப் பெண் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறாள் என்று அந்தப் பக்கம் போய் வந்த டிரைவர் ஒருவன் சொன்னான். ஷீலா போய்ப் பார்க்கவில்லை.

ஷ்ரேயஸ் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு தப்பினான். பில்லை நகலெடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. புதிய விதி ஒன்று மட்டும் வந்தது: வாடிக்கையாளர்களிடம் போனில் எதுவும் பேசக் கூடாது.

ஸ்ரீலக்ஷ்மி கடைசியாகக் கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை. ஷீலா டயாலிசிஸ் வார்டில், சேவியரின் கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் இருந்தாள். குழாய்களில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

“அக்கா, ஆர்டர்ல ஒண்ணு போட்டிருக்காங்க, எனக்கு வெளங்கல. வேணும்னே உண்மைய மறைச்சேன்னு போட்டிருக்கு. நான் வேணும்னே மறைக்கலீங்களே. மறந்துட்டேன்னுதானே எழுதுனேன்?”

“அது அவங்க எழுதற மொழிம்மா.”

“அதுக்குத்தான் இவ்வளவு ஃபைனுன்னு வக்கீல் சொல்றாருங்க. மறந்தது ஒண்ணு, மறைச்சது ஒண்ணாமா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்.” மூச்சு வாங்கினாள். “நான் உங்ககிட்ட முன்னாடியே கேட்டேன்ல, அத எழுதிக் குடுத்தா அப்பீல்ல நிக்குமாமுங்க. நீங்க எழுதிக் குடுக்கறீங்களா?”

மிஷின் ஒருமுறை கூவியது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள்.

“அக்கா?”

“நான் ஏற்கனவே எழுதிட்டேன்மா.”

“என்னன்னு?”

ஷீலா போனை மறு காதுக்கு மாற்றினாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அது பிம்ப்ரியின் மழையா, ஜன்னலுக்கு வெளியே பெய்ததா என்று தெரியவில்லை.

“எனக்கு இதுல என்ன ஆகும்னு உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா? நான் எழுதிரட்டுமான்னு கேட்டப்ப?”

“தெரியும்.”

“சரிங்க மேடம்,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

சேவியர் கண்ணைத் திறந்தான்.

“யாரு?”

“ஆபீஸ்,” என்றாள் ஷீலா.