அந்தியக்காவின் மாடி ஜன்னல்

வண்ணம் காய்ந்ததா என்று சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருக்காது. அந்த விரலைச் சட்டையிலேயே துடைத்துவிட்டு, "ஐயய்யோ!" என்று தலையில் அடித்துக்கொள்வார். தினமும் இதே கூத்துதான்.

எங்கள் குடியிருப்பில் அவரை அந்தியக்கா என்றால்தான் தெரியும். வரைவதெல்லாம் அந்திப்பொழுது: ஒரு குளம், கரையில் மரங்கள், தள்ளி ஒரு மாடிவீடு. கீழ் ஜன்னலிலும் மேல் ஜன்னலிலும் கடுகளவு மஞ்சள் வெளிச்சம். "கீழ நானு, மேல அவரு. இருட்டுற நேரம் பொல்லாதது. வீட்ல ஆளு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வேலை ஓடும்" என்பார்.

பொழுது சாய்ந்ததும் தூரிகையைப் பல்லில் கடித்தபடி கணவருக்கு ஃபோன் போடுவார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்டுக்குள்ள."

"ஏறுதா, இறங்குதா?"

"நின்னுபோச்சு. அதுக்குத்தானே கூப்பிட்டாங்க!"

அவர் சிரிப்பார். அக்கா ஃபோனை வைத்துவிட்டு மேல் ஜன்னலில் இன்னொரு பொட்டு மஞ்சள் வைப்பார். கடைக்குப் போனாலும் பையில் சாவி, சீப்போடு மஞ்சள் வண்ண டியூப் ஒன்றும் கிடக்கும்.

ஓர் ஆஸ்பத்திரியில், காத்திருப்போர் அறைக்குப் பெரிய படம் கேட்டார்கள். "அமைதியா இருக்கணும்மா. ஆள் நடமாட்டமே வேணாம், விளக்கையும் எடுத்துடுங்க" என்றார் மேலாளர். அக்கா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஜன்னலிலும் கருநீலம் பூசிக் கொடுத்தார்.

இன்று அந்தப் படத்துக்கு எதிரே அக்காவும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே அவர் கணவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, கதவு திறக்கவில்லை. அக்கா கதவைப் பார்க்கவில்லை, படத்தையே பார்க்கிறார்.

"பாரேன், அந்த வீட்ல யாருமே இல்ல. இதையா நான் வரைஞ்சு குடுத்தேன்? இங்க வந்து உக்காந்தவங்கல்லாம் என்ன பாடு பட்டிருப்பாங்க?"

"வெறும் படம்தானேக்கா" என்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அக்கா பையைக் கிளறுகிறார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்து ஏறி நிற்கிறார். சுண்டுவிரல் நுனியில் மஞ்சளைப் பிதுக்கி, கீழ் ஜன்னலில் ஒரு பொட்டு வைக்கிறார்.

"படத்தைத் தொடாதீங்கம்மா! இறங்குங்க மொதல்ல!" காவலாளி ஓடி வருகிறார்.

அக்கா திரும்பவே இல்லை. "இருங்க தம்பி, மாடி இன்னும் இருட்டா இருக்கு" என்று, டியூபை இன்னொரு முறை பிதுக்கி, மேல் ஜன்னலுக்கு எட்டுகிறார்.