கட்டில்காரரின் காலி அறை

சாகக் கிடந்த கிழவியின் முதுகுக்கு அடியிலிருந்து என் தாய்மாமா கட்டிலை உருவிக்கொண்டு போய்விட்டாராம். கிழவி தரையில் கிடந்தே செத்துப்போனாளாம். இதை எனக்குச் சொன்னவள், நான் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு நகரத்திலேயே இருக்கும் எங்கள் ஊர்க்காரி. அவளுக்கு அவளுடைய அண்ணி போனில் சொன்னது. அண்ணிக்கு யார் சொன்னது என்று கேட்டால், "ஊரே சொல்லுதுடி" என்றாள்.

"கட்டில்காரர்னா உங்க மாமாதானே? தப்பா நினைக்காதே, காதுல விழுந்துச்சு, அதான்..." என்று இழுத்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். நேரங்கெட்ட நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தாலே பதறுகிற ரகம் நான். இந்த முறை போன் வராததற்கே பதறினேன். இவ்வளவு நடந்தும் வீட்டிலிருந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமாவுக்குப் பிழைப்பு வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி. அது போக, ஊர்ச் சேவைச் சங்கத்தின் பொருளறை அவர் பொறுப்பு. படுத்த படுக்கையானவர்களுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, பிடித்து நடக்கும் கம்பிச் சட்டம், கழிப்பறை நாற்காலி எல்லாம் அங்கிருந்து இலவசமாக இரவல் போகும். கட்டில்களில் பாதி மாமா செய்தவை. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட சட்டங்களைக் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி, தலைப்பக்கத்தை உயர்த்தக் கைப்பிடி வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்துவிடுவார்.

"ஏன் மாமா எல்லாமே பச்சை?"

"கேட்டுக்கு அடிச்ச மிச்சம், மருமகளே. நம்ம ஊர்ல பாதிப் பேருக்குப் பச்சை கேட்டுதான் பிடிக்குது. என்ன பண்ண?"

அவருடைய மூன்று சக்கர வண்டி ஒரு தெருவுக்குள் திரும்பினால் வாசல்கள் எட்டிப்பார்க்கும். "யார் வீட்டுக்குங்க?" என்று பதறுவார்கள். "உங்க வீட்டுக்கு இல்ல. அடுப்புல எதுவும் வெச்சிருந்தா போய்ப் பாருங்க" என்பார்.

கட்டிலைப் பூட்டி முடித்ததும் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானே ஏறிப் படுத்துக்கொள்வார். பெரிய உடம்பு. இந்தப் பக்கம் புரள்வார், அந்தப் பக்கம் புரள்வார், கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொள்வார். எங்காவது கிரீச் என்றால் இறங்கி எண்ணெய் விட்டு மறுபடி படுப்பார். "இது முனகினா நீங்கதான் முனகுறீங்கன்னு வீட்ல எல்லாரும் எழுந்து உட்கார்ந்துடுவாங்க" என்பார். வாரக்கணக்கில் சிரிக்காத முகங்கள் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். கொடுத்ததைத் திருப்பித் தரும்படி ஒரு நாளும் கேட்கமாட்டார். ஒரு வீட்டில் தேவை முடிந்துவிட்டதென்று அவர்களே கூப்பிட்டால்தான் வண்டி போகும். சில வீடுகள் கூப்பிட மாதக்கணக்காகும். அதுவரை அந்தத் தெருப் பக்கமே போகமாட்டார்.

என் அலுவலகத்திலும் வருடத்துக்கு ஒரு சேவை நாள் உண்டு. எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவில் குப்பை பொறுக்குவோம். அங்கே மாமாவைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னபோது ஏதோ மகான் கதை போல ஆகிவிட்டது. தமிழில் அவர் வெறும் கட்டில்காரர். அதுதான் அவருக்குச் சரியாகப் பொருந்தும்.

மாமாவைச் சங்கத்தில் சேர்த்தது என் அப்பா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இந்த வருடச் சங்கத் தலைவரும் அவர்தான். அம்மாவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே இருவரும் உயிர் நண்பர்கள். சண்டை வரும்போதெல்லாம் அம்மா, "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும்னு நடுவுல என்னைக் கொண்டுவந்து போட்டீங்க" என்பாள். இருவரும் மறுத்ததில்லை.

இன்று காலை வதந்தியைக் கேட்டதும், அப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். சங்கங்களுக்கெல்லாம் மேலே இருக்கும் பெரிய தலைவர் வருகை தந்த விழா. கூடம் நிறையக் கட்டில்கள், சக்கர நாற்காலிகள், மேலே ரிப்பன். நடுவில் அப்பா, கையில் சிறந்த சங்கத்துக்கான கேடயம். படம் வந்த அன்று நானும் கைதட்டும் பொம்மை போட்டிருந்தேன். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசைப் பச்சைக் கட்டிலின் பக்கக் கம்பியில் ஒரு நீலத் துணி முடிச்சுப் போட்டுத் தொங்கியது. நோயாளி பிடித்து இழுத்து எழுந்திருக்க வீட்டில் கட்டிவிடும் துணி. யாரோ படுத்திருந்த கட்டில் அது.

மாமாவைக் கூப்பிட்டேன்.

"என்ன மருமகளே, அங்கேயும் வந்துடுச்சா? விமானத்தை விட வேகமா போகுதே!" என்றார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர் சொன்னது இது. பெரிய தலைவர் வரப்போகிறார் என்றதும் அப்பா பொருளறையைத் திறந்து பார்த்திருக்கிறார். ஓர் உடைந்த சக்கரத்தைத் தவிர ஒன்றுமில்லை. எல்லாம் வீடுகளில் இருந்தன.

"மச்சான், ரூம் காலியா இருந்தாதான் நம்ம வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்று மாமா சொல்லியிருக்கிறார்.

"காலி ரூமை எப்படிய்யா போட்டோ எடுக்கிறது? ஒரே ஒரு நாள். சாயங்காலமே திருப்பிக் கொடுத்துடலாம்."

"படுத்திருக்கிறவங்களை என்ன பண்ணுவீங்க? அவங்களையும் ஒரு நாள் நிக்கச் சொல்வீங்களா? வேணும்னா அந்தப் பெரியவரை நான் வண்டியில வீடு வீடா கூட்டிட்டுப் போறேன்."

அப்பா சிரித்து, "சரி, விடு" என்றிருக்கிறார். விட்டுவிட்டார் என்றே மாமா நம்பினார். விழாவன்று பக்கத்து ஊரில் கேட் மாட்டும் வேலை. மாமா போய்விட்டார். மூன்று சக்கர வண்டி பட்டறையில் நின்றது. அதன் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று அப்பாவுக்குத் தெரியும்.

மாமாவின் வண்டி வந்ததால் எந்த வீடும் சந்தேகப்படவில்லை. "கட்டில்காரர்தான் அனுப்பினார், சாயங்காலம் வந்துடும்" என்று அப்பா சொன்னாராம். வாதம் வந்து படுத்திருந்த ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார். தையல் வேலை செய்யும் மகள், அம்மாவைத் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தாள். தலைப்பக்கம் உயர்ந்திருந்தால்தான் டீச்சருக்கு மூச்சு சீராக வரும். விழா நீண்டது, விருந்து நீண்டது, கூடத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். விடிந்தபோது டீச்சர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று பகலில் மற்ற வீடுகளுக்குப் பொருள்கள் திரும்பின, டீச்சரின் கட்டில் மட்டும் கூடத்திலேயே நின்றது.

"செத்துட்டாங்கன்னு சொன்னாங்களே, மாமா?"

"வாயைக் கழுவு. நல்லா இருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புறாங்க."

பிறகு சங்கக் கூட்டம். டீச்சரின் மகள் நேரே உள்ளே வந்து மாமாவின் முன்னால் நின்றாளாம்.

"ஏறிப் படுத்து உருண்டு பார்த்தீங்களே அண்ணே, சத்தம் வருதான்னு. எங்கம்மா மூச்சுக்குப் போட்ட சத்தம் மட்டும் உங்களுக்குக் கேட்கலையா? யார் எடுத்துட்டு வரச் சொன்னது?"

மாமா அப்பாவைப் பார்த்தார். கூட்டமே அப்பாவைப் பார்த்தது, தலைவர் என்பதால். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "விசாரிக்கிறோம்மா" என்றார்.

"விசாரிக்கிறாராம்!" என்றார் மாமா போனில். "யாரை? ஆணியையா?"

"நீங்க ஏன் மாமா சொல்லல?"

"நான் சொன்னா மச்சானை மாட்டிவிட்ட மாதிரி ஆகும். அவர் வாயாலயே வரட்டும்னு நின்னேன். இப்போ வரும், இப்போ வரும்னு. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் செருப்பு மாட்டுற வரைக்கும் நின்னேன், மருமகளே. கடைசியா கிட்ட வந்தார். 'ரூம் சாவியைக் கொஞ்ச நாளைக்கு நான் வெச்சிருக்கேன், ஊர் வாய் அடங்கட்டும்'னார். கொடுத்துட்டேன்."

சாவி போன பிறகு பொருள்கள் தாமாகவே திரும்ப ஆரம்பித்தன. பட்டறை வாசலில் காலையில் ஒரு கம்பிச் சட்டம் சாய்ந்திருக்கும், மத்தியானம் ஒரு சக்கர நாற்காலி. ஒருவர் தன் அம்மாவின் கழிப்பறை நாற்காலியையே கொண்டுவந்து இறக்கினாராம். தேவை தீர்ந்துவிட்டதா என்று மாமா கேட்க, "இல்லீங்க. ஆனா எப்போ வந்து கேட்பீங்களோன்னு பயந்துகிட்டே எப்படிங்க உட்கார்றது?" என்றாராம்.

"இப்போ பட்டறை நிறைஞ்சு வழியுது. உங்கப்பாவை வந்து போட்டோ எடுக்கச் சொல்லு" என்றார் மாமா. அவர் குரலில் நான் கேட்டறியாத கசப்பு இருந்தது.

அம்மாவிடம் பேசினேன். "தெரியும்டி" என்றாள். "ஒரு பக்கம் கூடப்பிறந்தவன், ஒரு பக்கம் கட்டினவர். நீ அங்கே உட்கார்ந்துகிட்டு கிளறாதே. கொஞ்ச நாள்ல எல்லாம் ஆறிடும்."

ஆறினாலும் பழி யார் பெயரில் நிற்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சற்று முன் மாமாவே கூப்பிட்டார். இங்கே மத்தியான இடைவேளை. அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து எடுத்தேன். பின்னால் வண்டியின் சத்தம் கேட்டது.

"டீச்சர் தெருமுனையில நிக்கிறேன். கட்டிலைக் கழற்றி எண்ணெய் விட்டு ஏத்திட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிட்டாங்களாம். அந்தப் பொண்ணு கதவைத் திறக்கமாட்டேங்குது. 'உங்க கட்டில்ல எங்கம்மாவைப் படுக்க வைக்கிறதுக்குத் தரையே மேல்'னுது. மறுபடி தரையில போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"நான் என்ன மாமா பண்ணட்டும்?"

"அப்பாவை ஒரே ஒரு வார்த்தை அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லச் சொல்லு. 'நானாத்தான் எடுத்தேன், அவனுக்குத் தெரியாது'ன்னு. நான் கூப்பிட்டா எடுக்கமாட்டேங்கிறார். நீ கூப்பிட்டா எடுப்பார். எனக்காக இல்ல மருமகளே. கட்டில் உள்ளே போகணும்."

என் போனை அப்பா இரண்டாவது மணிக்கு மேல் விட்டதே கிடையாது. கண்ணாடி வாங்க வந்தவரைக் காக்க வைத்துவிட்டு "சொல்லும்மா" என்பார்.

கூப்பிட்டேன். அடித்து ஓய்ந்தது. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கூப்பிட்டேன், அதுவும் ஓய்ந்தது. வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அப்பாவின் பெயருக்குக் கீழே, இப்போது இணைப்பில் இருக்கிறார் என்று காட்டியது. "அப்பா, எடுங்க. மாமா அந்தத் தெருமுனையில நிக்கிறார்" என்று அவருக்குத் தனியாக எழுதினேன். படித்ததற்கான நீல அடையாளம் உடனே விழுந்தது.

மறுபடி கூப்பிட்டேன். மணி அடிக்கிறது. இன்னும் அடிக்கிறது.