வாடையில்லாத கார்

2008 ஏப்ரலில் கிளாராவுக்கு ஐம்பத்தோரு வயது. வடமதுரையில் இருக்கும் தங்கை ரூபியின் வீட்டுக்குப் போய் ஒன்பது வருடமாகியிருந்தது. பெட்ரோல், டீசல் வாடை பட்டாலே வயிற்றைப் புரட்டிவிடும். பஸ் திண்டுக்கல்லைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள்.

அவளுக்காகவே கணவர் கஸ்பார் பேட்டரி காருக்குக் காத்திருந்தார். அரசாங்க மானியம் வந்தால் விலை குறையும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். மானியச் செய்தியைப் பேப்பரில் தேடித் தேடி அவருக்கு அலுத்துவிட்டது. ரூபி மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றதும், பெங்களூரிலிருந்து ஒரு பழைய பேட்டரி காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

கிளாரா வழக்கம்போல எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் காரில் உட்கார்ந்தாள். செத்த நேரம் கழித்துப் பதறினாள்.

"ஏங்க, சத்தத்தையே காணோம்? இஞ்சின் நின்னுபோச்சா?"

"ஓடுது தாயி. கண்ணத் தொற, தாமரைப்பாடி வந்தாச்சு, பாதித் தூரம் முடிஞ்சுபோச்சு."

வடமதுரையில் இறங்கியதும் ரூபியின் கணவர் கிளெமென்ட் சிரித்தார். "ஏன் மதினி, புது வண்டி டயருக்கு வைக்கிற பழத்த மூக்குல வச்சுட்டு வாரீக?"

முன்பெல்லாம் வந்ததும் படுத்துவிடுகிற கிளாரா நேரே அடுப்படிக்குப் போய்த் தங்கையின் தோளைப் பிடித்தாள். "ரூபி, பசிக்குதுடி. என்ன வெஞ்சனம்?"

ரூபிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் காரைப் பழுதுபார்க்கத் திண்டுக்கல்லில் ஆளில்லை. மானியம் வந்தால் சர்வீஸ் சென்டர் திறப்போம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. கல்யாணம் மே மாதம். அதற்கும் இருவரும் அதே காரில்தான் போகிறார்கள்.