வண்டியிலேயே வா

இப்போதெல்லாம் ஜனங்கள் பேய்க் கதையை வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்கிறார்கள். நடுவில் எழுந்து போகிறார்கள். திரும்பி வந்து, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்கிறார்கள். சொல்லி முடித்தால் சிரிக்கிறார்கள். அந்த மாதிரி ஆட்களுக்கு நான் இதை எழுதவில்லை.

இது நடந்தது. எனக்கு நடந்தது. 1955 டிசம்பர் 29, வியாழக்கிழமை. மார்கழி பதினாலு. மணி சாயங்காலம் ஆறு ஒன்பது. நான் மூணாவது வரைக்கும் படித்தவன். ஜோடித்து எழுத எனக்கு வராது.

என் பெயர் நாராயணப்பன். ராயக்கோட்டை தாண்டி ஓசூர் போகிற வழியில் எங்கள் ஊர். கொஞ்சம் ராகி, கொஞ்சம் கொள்ளு, ஒரு ஜோடி மாடு. பெண்டாட்டி செத்துப் பத்து வருஷமாகிவிட்டது. பிள்ளை இல்லை. எனக்கென்று இருந்தது ஒரே தம்பி, சென்னகிருஷ்ணன். அவனும் 1929-ல் பினாங்குக்குப் போனான். ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். இருபத்தாறு வருஷம் நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அவனிடமிருந்து கடுதாசி வந்தது. டிசம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு. குடும்பத்தோடு வருகிறோம், ஒரு மாசம் ஊரில் இருப்போம், பிள்ளைகள் ராகிக் கதிரைக்கூடப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தான். கடைசியில் ஒரு கேள்வி. மெட்ராசில் கப்பல் இறங்கி ரயிலில் வருவதா, வாடகைக் கார் வைத்துக்கொண்டு வருவதா? அவன் பெண்டாட்டி மங்கம்மாவுக்குக் கார்தான் வேண்டுமாம், வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமாம். அவனுக்கு ரயில்தான் ஆசையாம். அண்ணா, நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி.

கார்க்காரர்களை நான் நம்புவதில்லை. மெட்ராஸ்காரன் கிருஷ்ணகிரி வரைக்கும் ஒழுங்காக ஓட்டுவான். அதற்கப்புறம் வழி தெரியாது என்பான், குடிப்பான், பொண்டு பிள்ளைகளைக் காட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போவான்.

கடுதாசி எழுத வேண்டுமென்றால் தபாலாபீசில்தான் எழுதச் சொல்லுவேன். இந்தத் தடவை சொல்லவில்லை. வெளிதேசத்திலிருந்து ஆள் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். நானே எழுதினேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. மூணே வரி.

காரை நம்பாதே. வண்டியிலேயே வா. ஸ்டேஷனில் நிற்பேன்.

வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். நாலு கயிற்றுக் கட்டில் புதிதாகப் பின்னினேன். கறவை மாடு ஒன்று ஓட்டிவந்தேன். எனக்குப் பால் பிடிக்காது. பிள்ளைகளுக்காக.

ஸ்டேஷன் என்றால் எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடம். முன்னாளில் அங்கே நிஜமாகவே ஸ்டேஷன் இருந்தது. மெட்ராஸ் ரயில் நிற்கிற மொரப்பூரிலிருந்து ஓசூருக்குச் சின்ன ரயில் ஓடியது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று வெள்ளைக்காரன் தண்டவாளத்தை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். மேடு மட்டும் இருக்கிறது. அரைச் சுவர் ஒன்று. ரயில் போன இடத்தில் ஆமணக்கு முளைத்திருக்கிறது. பேர் மட்டும் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால், "ஸ்டேஷனுக்கு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்போம்.

செவ்வாய்க்கிழமை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய் நின்றேன். வரவில்லை. புதனும் வரவில்லை. வியாழன் மொரப்பூர் பஸ் ஐந்து இருபதுக்கு வந்தது. கண்டக்டர் ஆஞ்சப்பன் படியில் நின்றபடியே கையை விரித்தான்.

"இன்னிக்கும் யாரும் இல்ல பெரியவரே."

"மொரப்பூர்ல நல்லா பாத்தியா?"

"பாத்தேன். பினாங்குக்காரரு கப்பல்லயே வந்துடுவாரு போல. நம்ம ஏரியிலதான் தண்ணி இருக்குதே."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வண்டியிலயே வான்னு எழுதியிருக்கேன்டா. வருவான்."

"எந்த வண்டின்னு எழுதினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஆஞ்சப்பன் விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

நான் அங்கேயே நின்றேன். எந்த வண்டி என்று நான் எழுதவில்லை. எங்களுக்கு வண்டி என்றால் இப்போது பஸ். அவன் ஊரை விட்டுப் போனபோது இந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. அவனுக்கு வண்டி என்றால் சின்ன ரயில். ஸ்டேஷன் என்றால் இந்த மேடு. தண்டவாளம் போன சேதியை நான் அவனுக்கு எழுதவே இல்லை. என் கடுதாசியில் நலம், மழை இல்லை, இவ்வளவுதான் இருக்கும்.

மொரப்பூரில் சின்ன வண்டி எங்கே என்று பிள்ளைகளோடு தேடிக்கொண்டு நிற்பானோ. யாரைக் கேட்பான். நான் யாரிடம் சொல்லி அனுப்புவேன்.

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. நாலு கட்டில் காலியாகக் கிடக்கிற வீடு. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தம்பி எப்போதோ அனுப்பிய கடிகாரத்தை மடியில் வைத்தபடி மேட்டில் உட்கார்ந்தேன்.

ஐந்து ஐம்பத்தைந்து. பனி இறங்கியது. ரோடு தெரியவில்லை.

ஆறு மணி. அசை போட்டுக்கொண்டிருந்த மாடுகள் நிறுத்திவிட்டன. இரண்டும் ஒன்றாக எழுந்தன. ஆமணக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன.

ஆறு நாலு. கரிப்புகை வாசனை. விறகுப் புகை இல்லை. நிலக்கரி. பதினாலு வருஷமாக அந்த வாசனை எங்கள் ஊரில் இல்லை.

காற்று இல்லை. ஆனால் ஆமணக்குச் செடிகள் சாய்ந்தன. கிழக்கிலிருந்து ஒவ்வொன்றாக... என் பக்கமாக...

டண். டண். டண்.

மணி அடித்தது. மணி மாட்டியிருந்த தூணே இப்போது இல்லை.

காலுக்குக் கீழே மண் நடுங்கியது.

ஆறு ஒன்பது. உஸ்ஸ்ஸ் என்று ஆவி விடுகிற சத்தம். ரொம்பக் கிட்டத்தில். முகத்தில் சூடு அடித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பனி மட்டும்.

கதவு திறந்தது. தகரப் பெட்டி ஒன்று கீழே வைக்கப்பட்டது. செருப்புச் சத்தம். சின்னச் செருப்பும் இருந்தது.

"அண்ணன் எங்க? நிக்கிறேன்னு எழுதினாரே."

சென்னகிருஷ்ணன் குரல். கொஞ்சம் தடித்திருந்தது. ஆனாலும் அவன்தான்.

"நான் அப்பவே கார்னு சொன்னேன். கேட்டீங்களா?" ஒரு பெண்குரல்.

எழுந்து ஓடினேன். கையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். "சென்னா... இங்கதான்டா... இங்க..."

பத்தடி ஓடியிருப்பேன். மேடு முடிந்துவிட்டது. எதிரில் பனி.

"அப்பா... அங்க பாருங்க..." ஒரு சின்னப் பெண்.

எல்லாச் சத்தமும் நின்றது.

"சென்னா..."

ஒரு ஆண்குரல் தாழ்வாக என்னவோ சொன்னது. தம்பி இல்லை. வேறு யாரோ. என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

செருப்புகள் ஓடின. பெட்டி இழுபட்டது. சின்னப் பெண் அழுதாள்.

கதவு சாத்திக்கொண்டது.

விசில்.

மண் அடங்கியது.

ஆறு பதினாலு.

நான் மட்டும் நின்றேன்.

கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

மறுநாள் மொரப்பூர் போனேன். மலாயாக் குடும்பம் யாரையாவது பார்த்தீர்களா என்று ஸ்டேஷனில் கேட்டேன். பார்த்தோம் என்றான் ஒரு சுமைகூலி. நேற்று மத்தியானம் மெட்ராஸ் ரயிலில் இறங்கினார்களாம். சின்ன வண்டி எங்கே என்று கேட்டார்களாம். "அதெல்லாம் இல்லீங்க, போச்சுன்னு சொன்னேன். அவரு கேக்கல. பொட்டிய அவரே தூக்கினு அந்தக் கோடிக்குப் போனாரு. அப்புறம் நான் பாக்கல." கோடிக்குப் போய்ப் பார்த்தேன். முள்ளுச்செடி.

தை கடைசியில் கடுதாசி வந்தது. பினாங்கிலிருந்து. தம்பி கையெழுத்து. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

நீ சொன்னபடி வண்டியிலேயே வந்தோம் என்று எழுதியிருந்தான். மொரப்பூரில் கோடி பிளாட்பாரத்தில் சின்ன வண்டி தயாராக நின்றதாம். நம் ஊர் ஸ்டேஷன் முன்பு இருந்தபடியே இருந்ததாம், விளக்குகூட ஏற்றியிருந்ததாம். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மாதிரி, பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தாராம். நீ மட்டும் வரவில்லை.

அதற்குக் கீழே எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

"பிளாட்பாரத்துக் கோடியில் கம்பளி போர்த்திக்கொண்டு யாரோ ஒரு கிழவன் கையைத் தூக்கியபடி நின்றான். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. சின்னவள் காவேரி பயந்து அழுதாள். யார் அது என்று கேட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார், அதைப் பார்க்காதீங்க, சாயங்காலமானா அது அங்கதான் வந்து நிக்கும், ரொம்ப வருஷமா நிக்குது, பிள்ளைங்களைக் கூட்டினு வண்டியில ஏறுங்க என்று. நாராயணப்பன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா என்று கேட்டேன். அந்த வீட்ல இப்ப யாரும் இல்லீங்களே என்றார். ஓசூர் போய்க் கார் வைத்துக்கொண்டு மைசூர் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அண்ணா, நீ இருந்தால் ஒரு வரி எழுது."

பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது? இருக்கிறேன் என்று எழுதினால் நம்புவானா? நானாக இருந்தால் நம்பமாட்டேன். கடுதாசியை வைத்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எழுதவில்லை. அவனும் அதற்கப்புறம் எழுதவில்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் அந்த மேட்டுக்குப் போனேன். வேண்டுமென்றே வெயிலில் போனேன். என் நிழல் கீழே விழுந்தது, பார்த்துக்கொண்டேன். மண்ணை உதைத்துப் பார்த்தேன். வெறும் மண். இந்தப் பயல் மங்கம்மா பேச்சைக் கேட்டு முதலிலேயே காரில் மைசூர் போயிருப்பான், என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக் கதை கட்டியிருப்பான் என்று சத்தமாகவே சொன்னேன். ஸ்டேஷன் மாஸ்டராம். விளக்காம். யார் நம்புவார்கள்?

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. காது கேட்காதவளாக இருக்கும்.

கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரமாகிவிட்டது. இறங்கி நடந்தேன்.