உலைக்குள் மூலவர்

கொரட்டூர் கிறிஸ்துதாஸ் எதையும் தாராளமாகப் பூசுகிறவர். முகத்துக்குப் பவுடரானாலும் சரி, பன்னுக்கு வெண்ணெயானாலும் சரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பீங்கான் ஃப்யூஸ் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் அவர் மின்சார உலைக்குப் பொறுப்பு. அங்கேயும் அந்தக் கை அடங்கவில்லை.

உலையைச் சூடாக்குபவை சிலிக்கான் கார்பைடு கம்பிகள். பெயர்தான் கம்பி, உண்மையில் மின்சாரம் ஓடும் பீங்கான் தடி. ஃப்யூஸின் பளபளப்புப் பூச்சு உருகும்போது எழும் ஆவி அவற்றை அரித்தது. புதுக் கம்பி கப்பலில் வர வேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். 1971இல் முதலாளி பரந்தாமன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்த செட்டும் பொங்கலுக்கு முன்னாடி போச்சுன்னா உலையை மூடிடுவேன். அப்பால உனக்கு இங்க இன்னா வேலை?"

கம்பிகளைக் காப்பாற்ற, கிறிஸ்துதாஸ் சூடு தாங்கும் அலுமினா மாவைக் கரைத்து அவற்றின் மேல் பூசினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல, கை ஓயும் வரை பூசினார். சூடு ஏறியதும் பூச்சு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து சரக்கின் மேல் விழுந்தது.

"அண்ணாத்தே, ஃப்யூஸுக்கெல்லாம் அம்மை போட்டுக்கீது," என்றார் உலையில் கூட வேலை செய்யும் வேம்புலி. "வேப்பில எத்துகினு வரட்டா?"

"உன் வாய்க்குப் பூசறேன் இரு."

ஒரே ஒரு கம்பியில் மட்டும் பூச்சு அப்படியே நின்றது. அதன் முறை வந்தபோது மாவு தீர்ந்துவிட்டதால், வாளியைக் கழுவிய தண்ணீரைத்தான் அதற்குப் பூசியிருந்தார். மெல்லிய பூச்சு கம்பியோடு சேர்ந்து விரிந்து, சேர்ந்து சுருங்கியது. இதைத் தன் ஆராய்ச்சி என்றே கிறிஸ்துதாஸ் கடைசிவரை சொன்னார். வாளித் தண்ணீரைப் பற்றி வேம்புலி சொல்லித்தான் வீட்டுக்குத் தெரியும். கிறிஸ்துதாஸின் அடக்கத்துக்கு வந்த அன்று சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மற்றக் கம்பிகளைச் சுரண்டி, எல்லாவற்றுக்கும் நீர்க்கப் பூசினார். உலை ஒழுங்காக ஓடியது. பிறகு ஆயுத பூஜை வந்தது.

அன்று உலையை அணைத்து, தூசி தட்டித் துடைத்து, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பரந்தாமன் விபூதித் தட்டோடு வந்தார். போன வருஷம் கம்பிக்குக் கம்பி மூன்று விரலால் பட்டை போட்டவர் அவர்தான். பட்டை இருந்த இடங்களில்தான் கம்பிகள் ஒடிந்தன. சாம்பலில் உள்ள உப்பு அந்தச் சூட்டில் கம்பியைத் தின்றுவிடும். கிறிஸ்துதாஸுக்கு இது தெரியும். ஆனால் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற ஆள், உங்கள் விபூதியால்தான் கம்பி போகிறது என்று முதலாளியிடம் எந்த வாயால் சொல்வது?

பரந்தாமன் விரல்களைத் தட்டில் வைத்துவிட்டார்.

"மொதலாளி, மூலவரைத் தொடலாமா?" என்றார் கிறிஸ்துதாஸ்.

"எந்த மூலவரு?"

"உள்ள கீறாங்களே, இவங்கதான். திருவேற்காட்டுல அம்மனை நீங்களே உள்ள பூந்து தொடுவீங்களா? வெளிய நின்னுதானே கும்புடுவீங்க. பட்டையைக் கதவுல போடுங்க."

வேம்புலி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பரந்தாமன் குனிந்து பார்த்தார். வெள்ளைப் பூச்சில் கம்பிகள் ஏற்கெனவே உடம்பெல்லாம் நீறு பூசினாற்போல்தான் இருந்தன.

"இத்தினி வருஷம் எனக்குத் தோணலியேய்யா," என்று கதவில் பட்டை போட்டார்.

கிறிஸ்துதாஸ் மூச்சு விட்டார். பரந்தாமன் திரும்பினார்.

"அப்போ இனிமே நீ மட்டும்தான் தொடணும். தொடுற ஆளு சுத்தமா இருக்கணும் இல்ல? உலை எரியற நாள்ல கவுச்சி கூடாது."

ஞாயிறு தவிர எல்லா நாளும் உலை எரிந்தது.

பொங்கல் போயிற்று. வேலை நிலைத்தது. கம்பிகள், மாதா கோயில்காரர்கள் கறி விலக்கும் தவக்காலத்தையும் தாண்டின. ஈஸ்டர் முடிந்து ஊரே கறிக்கடையில் நின்றபோது, அவர் மனைவி ஹில்டா கேரியரில் வெண்டைக்காயே வைத்தாள்.

"இன்னும் எத்தினி நாளைக்கு?" என்றார் கிறிஸ்துதாஸ்.

"கம்பி ஒடையற வரைக்கும்," என்றாள்.